சத்தம் நின்றால் சரியாகிவிட்டதா?

1

மாத இதழ் ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டது. கைக்குழந்தையை அரவணைத்து வளர்த்தால் அதன் மனம் ஆயுள் முழுக்க நலமாக இருக்கும், அதைப் பற்றி. ‘குழந்தைப் பருவ அரவணைப்பானது’ என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே கதை. ஆசிரியர் திட்டினால் திட்டட்டும்.

2

ஓர் அழகிய காலைப் பொழுதில்...

(வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அழகிய காலையை எவன் பார்த்தான்?)

தொட்டிலில் நான்கு மாதப் பெண் குழந்தை வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் அதன் அப்பா, கார் மெக்கானிக், கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் அம்மா, பஸ் டிரைவர், சீருடையோடு நிற்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து இன்றுதான் முதல் நாள் வேலை. இந்த மனிதனை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமா என்பது அவள் கவலை.

“தூக்குங்களேன்!”

“இரும்மா. என்ன சத்தம்னு தெரியாம கை வைக்கக் கூடாது.”

“அது என்ன இன்ஜினா?”

“பால் குடிச்சாச்சு, துணியும் மாத்தியாச்சு. கொஞ்சம் விட்டா தானா நின்னுடும்.”

(இந்த ஆளை நான்தான் படைத்தேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.)

3

இவனுக்கு ஒரு சோகமான பிள்ளைப் பருவம் கொடுத்துவிட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று நினைத்து எழுதினேன்: ‘இருட்டறையில், யாருமற்று, அந்தப் பிஞ்சு...’

மெக்கானிக் கடுப்பாகிவிட்டான்.

“சார், சும்மா அளக்காதீங்க. வீட்ல லைட்டெல்லாம் இருந்துச்சு. அழுதா அப்படியே விட்டுடுவாங்க, அவ்வளவுதான். சீக்கிரமே அழுகைய நிறுத்திட்டேனாம். அவ்வளவு சமத்துன்னு எங்கப்பா இன்னைக்கும் சொல்வாரு.”

பெருமையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அடுத்த வரி ஓடவில்லை. அவன் மனைவிக்கு ஓடியது.

“சமத்தா? கன்னம் இவ்ளோ பெருசா வீங்கியும் பல்லு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் நீங்க! சத்தம் நின்னா சரியாயிடுச்சா? வண்டி செத்தாலும்தான் சத்தம் வராது!”

மெக்கானிக் கட்டியிருந்த கையைப் பிரித்தான். தொழில் தெரிந்தவனுக்கு அது புரிந்தது.

4

தூக்கினான்.

முடிவு அ: குழந்தை உடனே சிரித்தது. (பச்சைப் பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: முப்பது ஆண்டுகள் கழித்து, மனத்தெளிவு மிக்க அந்தப் பெண்... (ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். பல்லே முளைக்காத பிள்ளைக்கு நான் ஜோசியம் சொல்வதாக இல்லை.)

நடந்தது இதுதான். குழந்தை அவன் தோளில் முன்னைவிட ஓங்கி அழுதது. அவன் கீழே விடவில்லை.

“எதுக்குன்னு அப்பாவுக்குத் தெரியல கண்ணு. நீ அழு. நான் எங்கயும் போகல.”

பிறகு மனைவியைப் பார்த்து, “எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றான்.

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. அதைக் கேட்டு அவளுக்கு நம்பிக்கை வந்ததா, கவலை கூடியதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவள் என்னைக் கேட்கவில்லை. என் லட்சணம் அவளுக்குத் தெரியும். உங்களைத்தான் பார்க்கிறாள்.

“நீங்க சொல்லுங்க. நான் கிளம்பட்டுமா?”