கதவு அம்மா

அம்மா வந்து இறங்கியபோது எங்கள் வாண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். முகக்கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு, கையில் உறை. அந்த உருவம் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. யாரையும் தொடாமல் நேராக முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"யாருப்பா அது?"

"அம்மாதான்டி."

"பொய். அம்மா போன்ல இருக்கா."

வாண்டு தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். முதல் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்த வாரத்தில்தான் தொற்றுக்குப் பயந்து விமானங்களையெல்லாம் நிறுத்தினார்கள். அடுத்த தடவை தொற்று இல்லை என்ற சான்றோடு விமான நிலையம் வரை வந்துவிட்டாள். விமானம் தள்ளிப்போனதில் சான்று காலாவதியாகிவிட்டது. திரும்பிப் போய், மறுபடி பரிசோதனைக்கு மூக்கைக் கொடுத்து, மறுபடி காத்திருந்து, இப்போதுதான் வந்திருக்கிறாள். ஒரு மாத விடுமுறை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தனித்திருக்க வேண்டும் என்பதால் அதில் பாதி அந்த அறைக்குள்ளேயே போய்விடும். கடைசியில் எடுக்கும் பரிசோதனையில் தொற்று என்று வந்தால் மீதியும் போச்சு. வாண்டு அவளிடம் ஒட்டுவதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

முன்னறைதான் அப்பா துணி தைக்கும் இடம். தையல் மெஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டதில் நாங்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தோம். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே ஸ்டூலில் வைத்துவிட்டு அப்பா இரண்டு தட்டு தட்டுவார். நாங்கள் விலகியதும் கதவு திறந்து மூடும்.

அன்று மாலை அம்மா வழக்கம்போல் போன் செய்தாள். வாண்டு திரையை முத்தமிட்டுவிட்டுப் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. போனைக் கீழே வைத்தாள், கதவில் காதை வைத்தாள், மறுபடி போனை எடுத்தாள்.

"அக்கா, ரெண்டு அம்மா இருக்கு."

"ஒண்ணுதான்டி."

"இல்ல. கதவு அம்மா முதல்ல பேசுது. போன் அம்மா அதே மாதிரி லேட்டாப் பேசுது. காப்பி அடிக்குது!"

உள்ளே அம்மா சிரித்தாள். சிரிப்பும் இரண்டு முறை கேட்டது.

அதிலிருந்து வாண்டு கதவு அம்மா கட்சிக்கு மாறினாள். மழையில் ஊதிப்போன கதவை அப்பா எப்போதோ அடியில் இழைத்திருந்ததால் கீழே நல்ல இடைவெளி. அது வழியாகப் பொத்தான், நூல்கண்டு, கிறுக்கிய படம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். உள்ளே போனது எதுவும் வெளியே வரக்கூடாது என்பது சுகாதார ஊழியர் சொல்லிவிட்டுப் போன விதி.

"நான் எல்லாம் குடுக்கறேன். நீ ஒண்ணுமே தரமாட்டேங்கற. கஞ்சப் பிசினாறி!"

"வெளிய வந்து தரேன்டி தங்கம்."

பரிசோதனைக்கு வந்த நர்ஸ் தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் இருந்தார். வாசல் பக்க ஜன்னல் வழியே அம்மாவின் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றினார். அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தள்ளி நின்ற வாண்டு கத்தினாள்.

"ஏய்! கதவு அம்மாவை அழவைக்காதே!"

மறுநாள் முடிவு வந்தது. அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு. எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது."

"நெகட்டிவ்."

"அப்படின்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுப்பா."

"நல்லதுன்னு முதல்லயே சொல்லித் தொலையேன். உயிரே போயிட்டு வருது!"

கதவு திறந்தது. முகத்தில் எதுவும் இல்லாமல், தலையை வாரிக்கொண்டு, அம்மா கையை விரித்தபடி வந்தாள். வாண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று அம்மாவின் கைக்குக் கீழே குனிந்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விரித்த கைகள் அப்படியே நின்றன.

"வாண்டு! மரியாதையா வெளிய வா!" என்றார் அப்பா.

"சும்மா இருங்க," என்றாள் அம்மா. தரையில் உட்கார்ந்து கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

பிறகு உள்ளேயிருந்தும் இரண்டு தட்டு கேட்டது.

"யாரு?"

"கதவு அம்மா," என்றாள் அம்மா.

"ஏதாவது குடு."

அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வாங்கி வந்த எல்லாமே பெட்டியோடு உள்ளேதான் இருந்தன. அப்பா அவசரமாக மெஷின் மேசையில் எதையோ தேடினார். அம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, கதவின் அடியில் தன் விரல்களை நுழைத்தாள்.

உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணுறாடி," என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு விரலாத் தொட்டுத் தொட்டு எண்ணுறா."

"இது சூடா இருக்கு," என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

"போன் சூடா இருக்காதா?"

"இருக்கும். ஆனா அது என் கையைப் பிடிக்காது. இது பிடிக்குது."

அப்பா மெஷின் பக்கம் திரும்பி, ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தார்.

"அம்மா."

"என்னடா?"

"கையை எடு. எடுத்தாத்தானே கதவைத் திறக்க முடியும்!"