மடிப்பில் தைத்த நம்பர்

"என் படங்களை வாங்கின நாலு பேர் யாரு? பேரும் நம்பரும் குடுங்க மேடம்."

ஓவியக் கல்லூரியின் கடைசி நாளில் வாத்தியார் சொன்ன ஒரே வியாபாரப் புத்தி இதுதான்: கேலரிக்காரரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், வாங்கியவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். வரையத் தெரிந்தவளுக்கு வாயைத் தைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டுமாம். எங்கள் வீட்டில் தைப்பது அம்மா வேலை.

கேலரி நடத்தும் மேடத்தின் மேசையில் ஒப்பந்தம் கிடந்தது. இரண்டு வருஷம் நான் வரைவதெல்லாம் இந்தக் கேலரி வழியாகத்தான் விற்க வேண்டும். வாங்கியவர்களை நான் தேடக் கூடாது. கையெழுத்துப் போடாவிட்டால், சுவரில் மீதியிருக்கும் இரண்டு படங்களும் இன்றே இறங்கும். வேறு கேலரி எனக்குத் தெரியாது. குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தத் தொழிலில் எனக்கு மாமனா, சித்தப்பனா?

"வாங்குறவங்களுக்குத் தொந்தரவு பிடிக்காதும்மா. நீ வரை. விக்கிறது என் கவலை."

"என் படம் எந்தச் சுவத்துல தொங்குதுன்னு எனக்கே தெரியக் கூடாதா?"

"படத்துக்குப் பின்னாடி நீ எழுதியிருந்த உன் போன் நம்பரைப் பேப்பர் ஒட்டி மறைச்சதே அதுக்குத்தானே" என்று மேடம் பேனாவை நீட்டினார்.

எனக்குக் காது வரை சூடேறியது. அப்போது, வெள்ளை சோபாவின் நுனியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் போன் அடித்தது. அம்மா பேசினால் அடுத்த தெருவுக்குப் போனே தேவையில்லை.

"ஆமாங்க, தையல் கடைதான்... படமா? லேபிள் பாத்தீங்களா? நான்தாங்க தைச்சேன்!"

நானும் மேடமும் ஒன்றாகத் திரும்பினோம்.

"என்ன லேபிள்மா?"

"கேன்வாஸும் துணிதான்னு நீதானே சொன்னே? நம்ம கடையை விட்டு லேபிள் இல்லாம ஒரு துணி வெளிய போயிருக்காடி? பொட்டலம் கட்டுறப்போ ஒவ்வொண்ணுலயும் கீழ் மடிப்புல தைச்சுட்டேன்."

கடைப் பெயர், போன் நம்பர். ஆறு படத்திலும். ஒட்டிய பேப்பர் அதுவரைக்கும் எட்டவில்லை.

"பல் டாக்டரம்மாடி! தூசி தட்டக் கழட்டினாங்களாம். பயந்துகிட்டு வர்ற பிள்ளைங்க உன் படத்துல இருக்கிற குடையை எல்லாம் எண்ணிக்கிட்டே அழுகையை மறந்துடுதாம். எதிர்ச் சுவத்துக்கும் ஒண்ணு வேணுமாம்."

என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. பல்லெல்லாம் தெரிய நின்றேன்.

அம்மா திடீரென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! போன வாரம் ஒருத்தர் கூப்பிட்டு, 'லேபிள் பாத்தேன், இதே மாதிரி பெருசா ஒண்ணு வேணும்'னார். அளவுச் சட்டையோட வாங்கன்னு சொல்லி வச்சுட்டேனே!"

மேடமே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் பேனாவைக் காட்டினார். "சரி, கையெழுத்து?"

"இனிமேலும் படம் தரேன், உங்க பங்கை எடுத்துக்குங்க. ஆனா வாங்குறவங்க பேரு பில்லுல இருக்கணும், அதுல ஒரு காப்பி எனக்கு வேணும்."

"அது நடக்காதும்மா."

"அப்போ இதுவும் நடக்காது மேடம்."

பேனாவை மூடி ஒப்பந்தத்தின் மேலேயே வைத்தேன். கொக்கியிலிருந்து இரண்டு படங்களையும் கழற்றி, ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினேன்.

"இருடி, டாக்டரம்மா சுவத்தை அளக்க வரச் சொன்னாங்க. டேப் பையிலதான் இருக்கு. எப்போ போகலாம்?" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன்.