சேவ் பண்ணிட்டியாடா?

அந்தக் கம்ப்யூட்டர் எப்போது படுக்கும் என்று அதற்கே தெரியாது. அவன் மும்முரமாகப் படிக்கட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருப்பான். திரை சட்டென்று கறுத்துவிடும். உள்ளே சுற்றும் காற்றாடி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் 'நல்வரவு' என்று காட்டும். அந்த நல்வரவைப் பார்க்கும்போதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போச்சு! எல்லாம் போச்சு!"

பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்கும். "என்னடா, வண்டி பிரேக் டவுனா?"

ரிட்டயர் ஆகும்வரை அப்பா பஸ் கண்டக்டர். உலகத்தில் எல்லாமே அவருக்கு வண்டிதான். மிக்ஸியோ மருமகனோ, ஒன்று ஓடும், இல்லாவிட்டால் பிரேக் டவுன். இப்போது அவருடைய நுரையீரலே பிரேக் டவுன். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின் ஒன்று கட்டிலோரம் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில். சாப்பிட, குளிக்க மட்டும் நிறுத்தலாம், மற்ற நேரமெல்லாம் ஓடியே ஆகவேண்டும், விளையாட்டில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சுவிட்சை மட்டும் அப்பா வேறு யாரையும் தொட விடமாட்டார். பணிக்காலம் முழுக்க டிக்கெட் பையை அடுத்தவர் கையில் கொடுக்காத மனுஷன்.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அக்கா கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அவன் வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பவன். இந்த முறை வந்திருந்தது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். இதையும் இழுத்தடித்தால் அடுத்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று என்ஜினியர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் சொன்னதைச் செய்வார்கள்.

கம்ப்யூட்டருக்கு அவன் பார்க்காத வைத்தியம் இல்லை. வைரஸ் என்றார்கள், மொத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினான். தூசி என்றார்கள், பெயின்ட் பிரஷ்ஷை வைத்துப் பல் தேய்ப்பதுபோல் தேய்த்தான். மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாற்றி மாற்றிச் சொருகினான். சூடு என்றார்கள், பக்கவாட்டு மூடியைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். கதவு வழியாக அதைப் பார்த்த அப்பா, "இங்க ஒருத்தன் காத்துக்கு அல்லாடுறேன், அதுக்கு ஃபேன் ஒரு கேடா?" என்று சொல்லிச் சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி அடங்க நேரமாயிற்று.

கடைசியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டான். துறுதுறுவென்று ஒரு பெண். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போன இடத்தில் அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

"கடைல தங்கமா இருந்துச்சு சார்," என்று திருப்பிக் கொண்டுவந்தாள். "வீட்டுக்கு வந்தாதான் அடம் பிடிக்குது. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுவும் இப்படித்தான், ஸ்கூல்ல சமத்து." எதற்கும் இருக்கட்டும் என்று புது பவர் சப்ளை ஒன்றை மாட்டினாள். ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "இந்த லைன்ல வேற எதாச்சும் ஓடுதா சார்? ஃபிரிட்ஜ், மோட்டார், அந்த மாதிரி?"

"ஃபிரிட்ஜ் அந்தப் பக்கம். மோட்டாருக்குத் தனி லைன். இங்க ஒண்ணுமில்லம்மா."

"இல்ல, அதெல்லாம் ஸ்டார்ட் ஆகுற நேரத்துல கரன்ட்ட ஒரு இழு இழுக்கும். பொட்டி தாங்காது, பொசுக்குனு படுத்துரும். அதான் கேட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருந்தது அப்பாவின் மூச்சு. மூச்சை யாராவது மின்சாமான் கணக்கில் சேர்ப்பார்களா? அவனுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு அறைக்கும் நடுவே கதவு திறந்துதான் கிடந்தது. அப்பா தலையணையில் சாய்ந்தபடி அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் படுக்கவில்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மெக்கானிக்கைப் போனில் அழைத்து, "கைராசிக்காரிம்மா நீ," என்றான். சனியன் தொலைந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்தான். என்ஜினியர் ஓயாமல் போனில் பேசியதால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சல் வராமலிருக்கக் கதவையும் சாத்திவைத்தான்.

சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் மெஷின் நின்றிருக்கும். "இப்பதான்டா நிறுத்தினேன், சாப்பிடணுமில்ல," என்பார் அப்பா. அவர் கேட்கும் கேள்வியும் ஒன்றேதான். "சேவ் பண்ணிட்டியாடா?"

அந்த வார்த்தையை எங்கே பிடித்தாரோ என்று முதலில் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. "பண்ணிட்டேன்பா."

"அணைச்சுட்டு வந்தியா, இல்ல ஓடிட்டு இருக்கா?"

"ஓடுது. நான் திரும்பிப் போய் உக்காரணும்."

"சரி, சரி. நீ போ. ஓடுற வண்டில நான் யாரையும் ஏத்தினதும் இல்ல, இறக்கினதும் இல்ல."

பத்தாம் தடவையோ என்னவோ கேட்டபோது அவன் எரிந்து விழுந்தான். "எத்தன தடவப்பா கேப்பீங்க? அதெல்லாம் சரியாயிடுச்சு. என்ன வேலை செய்ய விடுங்க!" அப்பா தப்புச் செய்த பிள்ளைபோல் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவர் அதிகம் தூங்கினார். தட்டில் பாதி மிஞ்சியது. பேச்சு சுருங்கியது. வயசு, நோய் என்று அவன் நினைத்துக்கொண்டான். ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தால் மெஷின் இரைவது நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினான்.

பள்ளிக்கூடப் பிளானை முடித்து அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு சீட்டியோடு கதவைத் திறந்தான். அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மெஷின் இரையவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. மதியம் வைத்த சாப்பாடு தொடாமல் கிடந்தது. அவன் பாய்ந்துபோய் சுவிட்சைப் போட்டான். முதல்முறையாக அவன் கை அதில் பட்டதை அப்பா தடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். அவன் காதை வாயருகே கொண்டுபோனான்.

"போய்ச் சேந்துடுச்சா?"

"என்னதுப்பா?"

"உன் பிளான்."

"சேந்துடுச்சுப்பா."

"ரைட்," என்றார் அப்பா.

உடம்பில் ஆக்சிஜன் ரொம்பவே குறைந்திருக்கிறதே, வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று டாக்டர் கேட்டார். "எப்பவும் ஓடும் டாக்டர்," என்றான் அவன். அதையும் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. மறுநாள் விடிந்தபோது அப்பா இல்லை.

காரியங்களெல்லாம் முடிந்தன. ஊருக்குக் கிளம்புமுன் அக்கா, சட்டம் போட அப்பாவின் நல்ல போட்டோவாக ஒன்று எடுத்துவை என்று கேட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் தேடி எடுத்தான்: காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை, யாரையோ பார்த்து அதட்டுவதுபோல் ஒரு சிரிப்பு. அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாடகைக் கடைக்காரர் வந்தார்.

"எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுறேன் சார்," என்று பக்கத்து அறைக்குள் போனார்.

சுவிட்சுச் சத்தம் கேட்டது. மெஷின் ஒரு உறுமலோடு இரைய ஆரம்பித்தது. திரையில் அப்பாவின் முகம் கறுத்து மறைந்தது.

பிறகு, 'நல்வரவு'.

அவன் மெதுவாகப் போட்டோவை மறுபடி திறந்தான். "இன்னொரு தடவ அணைச்சுட்டுப் போடுங்க," என்று குரல் கொடுத்தான். கடைக்காரர் போட்டார். முகம் மறைந்தது.

அவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "ஓ, கம்ப்யூட்டர் படுக்குதா? பழைய வயரிங் இருக்கிற வீட்டுல இது சகஜம் சார். ஒண்ணுமில்ல, மெஷினுக்குத் தனியா ஒரு வயர் இழுத்துட்டா போதும். அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலை. சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை? சொன்னால் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு அவன் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான், வேலை கைநழுவும், அது அப்பாவுக்குத் தெரியும். இல்லை, சொல்லத்தான் செய்தார். தினமும் கேட்டார். அவன்தான் வாயை அடைத்தான். கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்சை வைத்துக்கொண்டு, வண்டி நிற்கட்டும் என்று மூச்சைப் பிடித்தபடி அப்பா காத்திருந்திருக்கிறார். இந்தப் பக்கம் அவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான்.

"மறுபடி போடுங்க," என்றான்.

கடைக்காரர் ஒன்றும் புரியாமல் உள்ளே போனார். அங்கிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "எதாச்சும் வேல பாத்துட்டு இருக்கீங்களா சார்? போடட்டுமா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"போட்டுக்கோங்க. கேக்கவே வேணாம். நான் சேவ் பண்ண ஒண்ணுமில்ல. எப்ப வேணும்னாலும் போட்டுக்கோங்க, அப்பா."

கடைக்காரர் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி, போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.