இரண்டு வியாழக்கிழமைகள்

"வேணும்னா அளவுகோல் கொண்டு வா. ரெண்டு போஸ்டரும் ஒரே அளவுதான்."

"போஸ்டர் அளவ யாரு கேட்டா, பிரிஜ்?"

"அதே அரங்கம். அதே ஏழு மணி. அதே மைக். அவருக்கு வாங்குன அதே கடையில ஆப்பிள் சாறு, அதே டோனட். வேற என்னடி வேணும் உனக்கு? சிவப்புக் கம்பளமா?"

"ஆளுங்க வேணும். உக்காந்து கேக்க ஆளுங்க வேணும்."

பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மேப்பிள் மரங்கள் பாதி உதிர்ந்திருந்தன. இரண்டு பையன்கள் ஒரு காரின் பின்பக்கம் அழுக்குத் துணி மூட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓஹையோவின் அந்தச் சின்னக் கல்லூரியில் நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிப்பதும் அரங்கம் ஒதுக்குவதும் பிரிஜெட்டின் வேலை. எதிரே கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற கொரின் அவளுடைய தங்கை. வருகிற நவம்பரில் மாநில செனட்டுக்கு நிற்கிறாள். அவளை எதிர்த்து நிற்பவர் டேல் ஹாஸ்டெட்லர், டிராக்டர் வியாபாரி.

கல்லூரிக்கு வரிவிலக்கு உண்டு. அந்த விலக்கு நிலைக்க வேண்டுமானால் கல்லூரி எந்த வேட்பாளர் பக்கமும் சாயக் கூடாது. ஒருவரைப் பேச அழைத்தால் எதிராளியையும் அதே வாய்ப்போடு அழைத்தாக வேண்டும். மேடையில் நன்கொடை கேட்கக் கூடாது. 'கல்லூரி யாரையும் ஆதரிக்கவில்லை' என்று தொடக்கத்தில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். ஹாஸ்டெட்லர் கூட்டத்தில் எழுந்து சொன்னது பிரிஜெட்தான். அரங்கம் நிரம்பி, சுவரோரம் எல்லாம் மாணவர்கள் நின்றார்கள். அவர் மாடுகளைப் பற்றி ஒரு பழைய ஜோக் சொன்னார். அது அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் பிரிஜெட் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தக் கூட்டம் கொரினுக்கு வந்த கூட்டம் இல்லை என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அது போன வியாழக்கிழமை. கொரினுக்குக் குறித்திருப்பது நாளைய வியாழக்கிழமை. வெள்ளி முதல் இலையுதிர்கால விடுமுறை.

"வியாழக்கிழமை மதியத்துக்கு மேல இங்க யாரு இருப்பா?" என்றாள் கொரின். "வாட்ச்மேனும் அணிலும். நாம படிக்கும்போதே அப்படித்தான? மதிய வகுப்பு முடிஞ்சதும் அப்பா வண்டியோட கேட்ல நிப்பாரு."

"முன் சீட்டு உனக்கு."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

பின் சீட்டில் இரண்டு பேருடைய பைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, முன்னால் கொரின் பேசப் பேச அப்பாவின் கழுத்து சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே வீடுவரை வந்தது பிரிஜெட்டுக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் பேசினால் யாரும் அப்படிக் குலுங்கியதில்லை. இப்போது அம்மா தேவாலயத்துக்குக்கூடக் கொரின் பெயர் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு போகிறாள். அதைக்கூடத் தாங்கிவிடலாம்.

"கிரெக் வீட்டு வழியா வந்தியா?" என்று கேட்டாள் பிரிஜெட். கிரெக் அவளை விவாகரத்து செய்தவன். "புல்வெளியில பெரிய பலகை நட்டிருக்கான். உன் பேரு. என் பேர அந்த வீட்டுத் தபால் பெட்டியிலகூட எழுத மாட்டேன்னவன்."

"நானா நடச் சொன்னேன்?"

"நீ எதையும் சொல்ல வேணாமே. எல்லாம் தானா நடக்குமே உனக்கு."

கொரின் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது. இதுவரை இதை ஒரு கவனக்குறைவு என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள் என்பது பிரிஜெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தேதிய யாரு போட்டது?"

"நான்தான். வேட்பாளர் உன் தங்கச்சியாச்சே, வேற யார்கிட்டயாவது குடுத்திடவான்னு கல்லூரித் தலைவர் கேட்டாரு. வேணாம், தங்கச்சிங்கறதாலயே ரொம்பக் கண்டிப்பா இருப்பேன்னு சொன்னேன்."

"கண்டிப்பா."

"ஆமா. நாளைக்கு எவனும் நான் உனக்குச் சலுகை காட்டினேன்னு சொல்லிடக் கூடாது."

இதைப் பிரிஜெட் தனக்குள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அது நேர்மையாகவே ஒலித்தது. இப்போது வாய்விட்டுச் சொன்னதும், மூடிய அறையில் யாரோ இருமியது போல இருந்தது.

கொரின் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வக்கீல் புகார் எழுதச் சொல்றாரு," என்றாள். "ஒரே மண்டபம், ஒரே மணின்னா மட்டும் போதாதாம். ஒருத்தர நிறைஞ்ச சபைக்கும் இன்னொருத்தர காலி சபைக்கும் கூப்பிட்டா அது சமம் இல்லியாம். எழுதினா கல்லூரிக்குத் தலைவலி. உன் வேலையும் போகும்."

"எழுத வேண்டியதுதான?"

"எழுத மாட்டேன்."

"ஏன்? பெரிய மனசா?"

"எழுதினா பேப்பர்ல உன் பேரு வரும் பிரிஜ். அம்மா படிப்பா."

இதுதான் கொரினிடம் பிரிஜெட்டால் பொறுக்க முடியாதது. அடி வாங்கிய பிறகும் இவள் ஒரு படி மேலேயே நிற்பாள். அங்கிருந்து குனிந்து கையும் நீட்டுவாள். அந்தக் கையைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. அந்தக் கை தனக்கு இருந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

"போன கருத்துக்கணிப்புல நானும் அவரும் கிட்டத்தட்ட சமம்," என்றாள் கொரின். "இந்தப் பசங்க ஓட்டு இல்லேன்னா நான் தோத்துடுவேன். ஆறு வருஷ உழைப்பு. உனக்கு என்மேல என்ன கோவம்னு இப்பக் கேக்கல. தேர்தல் முடியட்டும், உக்காந்து திட்டு, கேட்டுக்கிறேன்."

மாடியில் தலைவரின் அறைக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர் இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"விடுமுறை முடிஞ்சு பசங்க திரும்பினப்புறம், தேர்தலுக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை இருக்கு. அரங்கம் காலியாதான் இருக்கு, வாசல் பலகைய பாத்துட்டுதான் வந்தேன். நான் போய் கேட்டா அது வேட்பாளர் கேக்கறது. உடனே வக்கீல், விசாரணைன்னு போயிடும். நீ கேட்டா வெறும் தேதி மாத்தம்." கொரின் மேசையின் மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "வேணும்னே பண்ணேன்னு சொல்ல வேணாம். விடுமுறைய மறந்துட்டேன்னு சொல்லு. போதும். இப்பவே மேல போய் எனக்காக அந்த வியாழக்கிழமைய கேளேன், பிரிஜ்."