கடிவாளம் பிடித்தவன்

அண்ணன் கிரேலிஸைப் புதைத்த மூன்றாம் நாளே ஆல்ச்சே அச்சுக்கூடத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஹாலந்தின் அந்தக் கல்லூரி ஊரில், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் பழங்காலப் பிரபுக்களாக வேடம் கட்டி ஊர்வலம் போவார்கள். அதைக் கல்லில் வரைந்து படமாக அச்சடித்து விற்பது முதலாளி பிரூயினின் தொழில். அச்சான தாள்களுக்கு வண்ணம் தீட்டுவது ஆல்ச்சேயின் வேலை.

இந்த வருட இளவரசன் ஃபான் ஸ்லோட் என்ற மாணவன். குதிரையேற்றம் பழகாதவன் என்பதால், கடிவாளத்தைப் பிடித்து நடக்க லாயக்காரன் கிரேலிஸை அமர்த்தியிருந்தார்கள். பாலத்தருகே, மாடியில் நின்ற பெண்களுக்கு வீரம் காட்ட நினைத்து ஃபான் ஸ்லோட் குதிரையைக் காலணியின் குதிமுள்ளால் குத்தினான். குதிரை மிரண்டு எழும்பியது. கிரேலிஸ் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் மாணவன் விழுந்திருப்பான். கிரேலிஸ் குளம்பில் மிதிபடாமல் பிழைத்திருப்பான். ஊர்வலம் நிற்காமல் போயிற்று.

பிரூயின் தாள்கட்டை அவள் மேசையில் வைத்தார். படத்தில் இளவரசன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். குதிரையின் முகத்தருகே வெறும் வெள்ளை.

"எங்கண்ணன் எங்க முதலாளி? ஊர்வலத்துக்கு முன்னாடியே அவனையும் வரைஞ்சிருந்தீங்களே?"

"கல்லுலேர்ந்து சுரண்டிட்டேம்மா. கொண்டாட்டப் படத்துல செத்தவன் எதுக்குன்னு மாணவருங்க சொல்லிட்டாங்க."

"சாகடிச்சவன் மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கானே!"

"மெல்லப் பேசு. அவங்க வாங்கலேன்னா உங்க வீட்டு அடுப்பும் எரியாது, என் வீட்டு அடுப்பும் எரியாது. அந்த எடத்துல மண்ணு நிறத்த அடிச்சுவிடு."

வேறு வேலைக்கு எங்கே போவாள்? தூரிகையை நனைத்தாள். தாள் தாளாக, அண்ணன் நின்ற இடத்தில் அவளே மண் போட்டாள்.

சனிக்கிழமை ஃபான் ஸ்லோட் ஒரு நண்பனோடு வந்தான். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"பாத்தியாடா? ஆள் தொணையே இல்லாம எப்படி அடக்கியிருக்கேன்!"

நண்பன் தலையாட்டினான். கறுப்பு உடையில் குனிந்திருந்தவளை அப்போதுதான் ஃபான் ஸ்லோட் கவனித்தான்.

"நீதானா வண்ணம் போட்டது? பிரமாதம். ஊர்வலம் பாத்தியா?"

"பாத்தேங்க."

"நான் எப்படி இருந்தேன்?"

பிரூயின் இருமினார். ஆல்ச்சே அவனை நேராகப் பார்த்தாள்.

"படத்துல இருக்கற மாதிரி இல்லீங்க."

"கேட்டியாடா! நேர்ல இன்னும் நல்லா இருந்தேங்கறா!"

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். பிரூயின் பெருமூச்சு விட்டார். ஆல்ச்சே அடுத்த தாளை இழுத்து, இளவரசனின் கன்னத்துக்குச் சிவப்புத் தொட்டாள்.