கிளிப் இல்லாத பெடல் பற்றி ஒரு புகார்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. என் மனைவி எழுதச் சொன்னாள். நானும் வெள்ளைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தேன்.

‘ஐயா, தங்கள் நிறுவனத்தின் சைக்கிள் பெடலை வாங்கிய என் மனைவி, கடந்த செவ்வாய்க்கிழமை காலை சிக்னலில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பெடலில் மாட்டிய காலை எப்படி எடுப்பது என்று தாங்கள் கொடுத்த விளக்கச் சீட்டில் எங்குமே’

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘எங்குமே’ என்று எழுதிவிட்டால் அடுத்து ‘இல்லை’ என்று எழுதியாக வேண்டும். அதற்கு எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கதை. கதை என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தைரியம் வருகிறது, அவ்வளவுதான்.

2

ஆளை முதலில் அறிமுகப்படுத்த வேண்டும்.

‘அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். குழந்தைகள்கூட அழாமல் கையை நீட்டும் அளவுக்கு’ (இது வேண்டாம். விளம்பரம் மாதிரி இருக்கிறது. குழந்தைகள் அழத்தான் செய்யும்.)

ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். அது மட்டும் உண்மை. வேலைக்கு ஏழு கிலோமீட்டர், சைக்கிளில்தான் போவாள். போன மழையில் பிளாஸ்டிக் பெடலில் கால் வழுக்கி, சுழன்று வந்த பெடல் கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒன்று போட்டது. ஒரு வாரம் நொண்டினாள். அவளோடு வேலை பார்க்கும் மருந்தாளர், “கிளிப்லெஸ் பெடல் வாங்குங்க. எவ்வளவு மழையானாலும் கால் அசையாது,” என்றாராம்.

பத்து நாள் போனைத் தேய்த்துத் தேய்த்து விலை பார்த்தாள். பந்தயக்காரர்களின் ஷூவுக்கு அடியில், பெடலில் பொருந்துவதற்காக, ஒரு கட்டை துருத்திக்கொண்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தால் வாத்து நடைதான். அதனால், அந்தக் கட்டைக்குப் பதில் சின்ன இரும்புத் துண்டு அடிப்பாகத்துக் குழிக்குள் ஒளிந்துகொள்ளும் ஷூ ஒன்றைக் கட்டுப்படியாகிற விலையில் கண்டுபிடித்தாள். பெடலில்தான் குழப்பம். ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும் பெடல் விலை கூட. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது மலிவு.

“ஏங்க, கிளிப்லெஸ்னா என்னங்க?”

நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

“லெஸ்னா இல்லாதது. சுகர்லெஸ் பிஸ்கட், சீட்லெஸ் திராட்சை மாதிரி. கிளிப் கிடையாது. காலைப் பிடிக்காது.”

“அப்ப ஒரு பக்கம் மட்டும் எதுக்குத் தட்டையா வச்சிருக்கான்?”

“காசு பிடுங்கத்தான். மலிவானதையே வாங்கு.”

(அடிக்குறிப்பு: கிளிப்லெஸ் பெடல் காலை உடும்புப்பிடியாகப் பிடிக்கும். பழைய பெடல்களில் கால்விரலுக்கு ஒரு கூண்டு இருந்தது. அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அது இல்லாததால் இது கிளிப்லெஸ். தட்டையான பக்கம் ஒன்று இருந்தால் காலை மாட்டாமலும் மிதிக்கலாம். பெயரை இப்படி வைக்கலாமா என்று கேட்காதீர்கள். நானும் வாயடைத்துப் போய்த்தான் இருக்கிறேன்.)

3

கடைக்காரரை வில்லனாக்கலாமா என்று ஒரு வரைவில் முயன்றேன். முரட்டு மீசைகூட வைத்துப் பார்த்தேன். பாவம், மனுஷன் சரியாகத்தான் கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“கழட்டத் தெரியும்லம்மா?”

அவர் கேட்டது காலை. நாங்கள் புரிந்துகொண்டது பெடலை.

“அதெல்லாம் இவரு பார்த்துப்பாருங்க,” என்றாள்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒவ்வொரு சிக்னல்லயும் சார் நிப்பாரா?” என்று சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நாங்களும் சிரித்துவைத்தோம். அதற்குள் அடுத்த ஆள் பஞ்சரோடு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் இருந்த சீட்டை என்னிடம் நீட்டினாள். எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது. “நீங்கதானே இதை எழுதிப் பொழைக்கிறவரு. படிச்சுச் சொல்லுங்க.”

(மிக்ஸி, மின்விசிறி, தையல் மெஷின் இவற்றின் விளக்கச் சீட்டுகளைத் தமிழில் பெயர்ப்பதுதான் என் பிழைப்பு. கதை எழுதுவது மிச்ச நேரத்தில்.)

அன்று சாயங்காலம் சொன்னேன்: “படிச்சிட்டேன். விசேஷமா ஒண்ணுமில்ல.”

4

செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. “நல்லா உக்காந்துடுச்சுங்க!” என்று கத்திக்கொண்டே போனாள். இருபது நிமிடத்தில் போன் வந்தது. அவள் எண், ஆனால் ஆண் குரல்.

“சார், நான் பஸ் டிரைவர் பேசுறேன். உங்க வீட்டம்மா சிக்னல்ல பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்துட்டாங்க. பதறாதீங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல. தலைக்கும் டயருக்கும் ஒரு சாண்தான் சார். அவங்க கை உடைஞ்ச மாதிரி இருக்கு. ஒரு கால் சைக்கிளோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. சாருக்குத் தெரியும், கேளுங்கன்னு சொல்றாங்க. எப்படி சார் கழட்டுறது?”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “தெரியாதுங்க” என்றேன்.

பின்னால் அவள் குரல் கேட்டது. “அவருக்குத் தெரியுமே. படிச்சாரே.”

கடைசியில் ஷூவின் பட்டையை அவிழ்த்துக் காலை மட்டும் உருவி எடுத்தார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது சைக்கிள் நடைபாதையோரம் சாய்ந்திருந்தது, பெடலில் ஷூவோடு.

5

நான் படிக்கவில்லை.

சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் வேறொரு கதையின் முதல் வரியை எழுதினேன். ‘மழை விட்ட பிறகும் அவன் குடையை’. அதற்கு மேல் ஓடவில்லை. நல்ல வரிகூட இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சீட்டைத் திருப்பினேன். நாலாவது வரி, தடித்த எழுத்தில், படத்தோடு: காலை எடுக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பவும். மேலே இழுக்க வேண்டாம். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகவும். தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எத்தனை மிக்ஸிகளுக்கு ‘பயன்படுத்தும் முன் முழுவதும் படிக்கவும்’ என்று நானே எழுதியிருக்கிறேன்!

ஆனால் அவள் வேறு கணக்குப் போட்டுவிட்டாள். “உங்களுக்கே தெரியலன்னா சீட்டுல போடலைன்னுதானே அர்த்தம்? இன்னொருத்தங்க விழறதுக்குள்ள கம்பெனிக்கு எழுதிப் போடுங்க.”

என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கட்டுப் பிரித்த பிறகுதான் விரல்களின் பிடிமானம் தெரியுமாம். மறுபடி ஊசி பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், “இப்ப சொல்ல முடியாதும்மா,” என்றார். அவள் தலையாட்டினாள்.

6

முடிவுகள் பல யோசித்தேன்.

கடிதத்தை எழுதி அனுப்பிவிடலாம். கம்பெனிக்காரன் சீட்டின் நகலை, நாலாவது வரிக்கு அடிக்கோடிட்டு அனுப்புவான். உறையை அவளே பிரிப்பாள், பல்லால்.

சீட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். (இரண்டாவது பொய். முதல் பொய்யையே தாங்க முடியவில்லை.)

இல்லையென்றால் எழுந்து போய், கையில் தாள் எதுவும் இல்லாமல், வாயால் சொல்லலாம். இதுதான் சரி. இந்த வாக்கியம் முடிந்ததும் எழுந்து

7

எழுந்திருக்கவில்லை. அவளே வந்துவிட்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் பார்த்தாள்.

“இத்தனை பக்கமா? விடாதீங்க, நல்லா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேளுங்க,” என்று இடது கையால் முதல் தாளை எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க, புகாரைப் போய்க் கதை மாதிரி எழுதுறீங்க?” என்று சிரித்தாள். கடைக்காரர் வந்த இடத்திலும் சிரித்தாள். பஸ் டிரைவர் வந்ததும் சிரிப்பு நின்றது. நான் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

ஐந்தாம் பகுதி இருக்கும் தாள் வெகுநேரம் அவள் கையில் இருந்தது. இரண்டு முறை படித்திருப்பாள். பிறகு ஆறாவது. அதையும் மேசையில் வைத்துவிட்டாள். இடது கை மட்டும் என் பக்கம் நீள்கிறது.

“அடுத்தது குடுங்க. பேனாவையும்.”

அடுத்தது இதுதான். இடது கையால் அவள் எழுதி நான் பார்த்ததில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிட்டுக் கொடுப்பீர்களா, இப்படியே கொடுத்துவிடுவீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள். அவள் பேனாவைப் பிடித்து