எண்ணெய்த் துணி

சின்ன வயதில் அண்ணன் வைத்த தீக்குச்சி என்ற பட்டப்பெயர் பரிசோதனைக்கூடத்திலும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஆளும் ஒல்லி, வேலையும் எரிப்பது. சோபாவுக்குள் திணிக்கும் பஞ்சு, திரைச்சீலை, பலகை, கயிறு என்று எது வந்தாலும் துண்டு போட்டுக் கொளுத்தி, எத்தனை வினாடியில் பற்றுகிறது என்று எழுதிவைப்பாள். பலகை ஒற்றைக் குச்சிக்கு அசைந்துகொடுக்காது. அதையே சீவிச் சுருளாக்கினால் நொடியில் பிடித்துக்கொள்ளும். இரும்பு எங்கேயாவது எரியுமா என்று சிரிப்பவர்களிடம், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைக் கொளுத்திக் காட்டி வாயடைத்துவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்ததே அண்ணனால்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வீட்டை ஒட்டியிருந்த அப்பாவின் நாற்காலிப் பட்டறை ஒரு மத்தியானம் எரிந்துபோனது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கடைசியாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தவன் அண்ணன். அவன் விரலிடுக்கில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும்.

“அணைச்சுட்டுத்தான்பா வந்தேன்.”

“அப்போ பட்டறை தானாவா எரிஞ்சுது?” என்று தெருவே கூடி நிற்கும்போது கத்தினார் அப்பா.

அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். தூரத்து ஊரில் லாரி ஓட்டுகிறான். அவளுக்கு மட்டும் எப்போதாவது ‘சாப்டியா’ என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதத்தை ஓட்டுவாள். தெருவில் யாராவது அவனைப் போல ஒரு தோளைச் சாய்த்து நடந்துபோனால், முகத்தைப் பார்க்கும்வரை பின்னாலேயே போவாள். அப்பா அவனைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் வாசலில் லாரி நிற்கும் சத்தம் கேட்டால் செய்தித்தாளைத் தாழ்த்தி ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் மரத்துக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய் பரிசோதனைக்கு வந்தது. எண்ணெயில் நனைத்த துணிகளில் ஒன்றை விரித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவற்றைக் கசக்கிக் கம்பிக்கூடையில் திணிக்க வேண்டும். காலையில் வைத்தாள். விரித்த துணி சமர்த்தாகக் காய்ந்தது. கூடைக்குள் இருந்தது மட்டும் மணிக்கு மணி சூடேறி, நாலாவது மணியில் புகைந்து, குப்பென்று பற்றிக்கொண்டது.

“மேடம், நான் தீயே வைக்கல!”

“தேவையே இல்லம்மா,” என்றார் அவளுடைய அதிகாரி. “அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து காயும்போது அதுவே சூடாகும். விரிச்சிருந்தா சூடு வெளியே போயிடும். குவிச்சு வெச்சா எங்கே போகும்?”

அப்பாவின் பட்டறையில் நாற்காலிகளுக்குப் பூசியதும் இதே எண்ணெய்தான். அண்ணன் துடைத்த துணிகளைக் கம்பியில் வரிசையாகக் காயப்போடுவது கண்ணுக்குள் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில், துளை போட்ட இரும்பு வாளியில் எண்ணெய்த் துணிகளைத் திணித்துவைத்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். அப்பாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார்.

“பாருங்கப்பா. ஒண்ணும் கேக்காதீங்க.”

மத்தியானத்துக்குள் வாளியிலிருந்து புகை கிளம்பியது. அப்பா எழுந்து வந்து மேலே கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்குத் துணியெல்லாம் கம்பியிலதானே இருந்துச்சு?” என்று கேட்டாள்.

அவர் வாளியைப் பார்த்தபடியே சொன்னார்: “பாக்க அசிங்கமா இருக்குன்னு காலைல நான்தான் அள்ளிப் பெட்டியில அமுக்கினேன்.”

துணி பற்றிக்கொண்டது. அவள்தான் தண்ணீரை ஊற்றினாள்.

அவரே போன் போடச் சொன்னார். எடுத்ததும், எதிர்முனையில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, “என்னடா தீக்குச்சி?” என்றான் அண்ணன்.

“நான்தாண்டா,” என்றார் அப்பா. “துணி... எண்ணெய்த் துணிதாண்டா எரிஞ்சுது. நான் குவிச்சு வெச்சது. நீ இல்ல.”

எஞ்சின் நின்றது.

“நிஜமாவாப்பா?” என்றான். “நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை சரியா அணைக்கலையோன்னு... அன்னையிலேருந்து சிகரெட்டைத் தொட்டதில்ல.”

அப்பா போனை அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது மாதம் அவன் வந்தான், இரண்டே நாள் லீவில். காதோரம் நரைத்திருந்தது. பட்டறை இருந்த வெற்றிடத்தில் அப்பாவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். “மன்னிச்சுடுடா,” என்று அப்பா சொன்னது அவளுக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவளோ அவனைப் பார்த்துத் தீரவில்லை. சாப்பிடுவதையும் தூங்குவதையும்கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனவன் இருபத்தைந்து வயதுப் பையன். வந்திருப்பவன் வேறொரு ஆள். அந்தப் பையன் இனி எந்த பஸ்ஸிலும் வந்து இறங்கப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அடுத்த தடவை பத்து நாளாவது லீவு போட்டுட்டு வா,” என்றார் அப்பா, பையைத் தூக்கிக் கொடுத்தபடி.

“பாக்கறேன்பா.”

பஸ் போன பிறகு அப்பா கேட்டார், “மீசையை எப்போ எடுத்தானாம்?”

“தெரியலப்பா. கேக்க மறந்துட்டேன்,” என்றாள்.